ஆடிவேலுக்கு ஒரு மேப்: குறியும் பெயரும் ஒண்டையொண்டு மறைக்காம வைக்கிறதுக்கு முழு வழிகாட்டி

கொழும்பில ஆடிவேல் திருவிழா ரதம் செட்டியார் தெருவில இருந்து வெளிக்கிட்டு காலி வீதி வழியா பம்பலப்பிட்டிக்கு வரேக்க வழி நெடுக தண்ணீர்ப்பந்தல் போடுவினம், எங்கட லேன் பெடியளும் போடுறவை. மூண்டு வருஷத்துக்கு முதல், எந்தப் பந்தல் எங்க நிக்குது, முதலுதவி எங்க, டொய்லெட் எங்க எண்டு ஒரு பேப்பரில மேப் போட்டுத் தரச் சொல்லி என்னட்ட கேட்டினம். ஸ்கிரீன்ல பாக்க நல்ல வடிவாத்தான் இருந்துது. பிரின்ட் எடுத்துக் குடுத்த பிறகு ஒரு அம்மா அதைக் கையில வைச்சுக்கொண்டு "தம்பி, இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?" எண்டு கேட்டா. அது முதலுதவி நிக்கிற இடம். பக்கத்தில பெயர் இல்ல. நான் பெயர் போட்டிருந்தன், ஆனா இடம் காணாதெண்டு சொஃப்ட்வெயார் தன்ர பாட்டில அந்தப் பெயரை எடுத்துப்போட்டுது, எனக்கு ஒரு அறிவிப்பும் வரேல்ல.

அண்டையில இருந்து குறி வைக்கிறதையும் பெயர் வைக்கிறதையும் ஒரு தனி வேலையாப் பாக்கத் தொடங்கினன். மேப் போடுறது எண்டு எல்லாரும் நினைக்கிறது ரோட்டும் கரையும் கீறுறது, அது ரெடியாவே கிடைக்குது, உண்மையான வேலை கிடக்கிறது இந்தப் பெயர் இந்தப் புள்ளிக்குத்தான் எண்டு பாத்த உடன தெரியப் பண்ணுறதிலதான். தமிழில போடேக்க அது இன்னும் கஷ்டம், ஏனெண்டா எங்கட பெயருகள் நீளம், எழுத்து அகலம், கொம்பும் சுழியும் மேலயும் கீழயும் இடம் கேக்கும். நான் செய்யிற முறையை முழுசா எழுதுறன், ஆடிவேல் மேப்பையே உதாரணமா வைச்சு. நீங்கள் உங்கட கோயில் திருவிழாவுக்கோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கோ, மழை வெள்ள நேரம் லேனுக்குள்ள யாருக்கு உதவி வேணுமெண்டு பாக்கிறதுக்கோ இதே முறையைப் பாவிக்கலாம்.

என்ன வேணும்

கியூ.ஜி.ஐ.எஸ் எண்ட மேப் போடுற சொஃப்ட்வெயார். 2002ல கேரி ஷெர்மன் எண்டவர் தொடங்கினது, இப்ப உலகம் முழுக்கத் தன்னார்வலர் சேர்ந்து வளர்க்கினம், சல்லிக் காசு இல்லாம டவுன்லோட் பண்ணலாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்திலயும் ஓடும். ரோட்டு, கட்டடம், ரயில் பாதை எல்லாத்துக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எண்ட, ஆரும் திருத்தக்கூடிய இலவச உலக மேப்பின்ர டேட்டா காணும். கியூ.ஜி.ஐ.எஸ் உள்ளேயே குவிக்ஓ.எஸ்.எம் எண்ட ப்ளகினை, அதாவது கூட்டுக் கருவியைப் போட்டீங்களெண்டா உங்களுக்கு வேண்டிய ஏரியாவை மட்டும் இறக்கலாம். தமிழ் ஃபொன்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், அதுவும் இலவசம். சிங்களமும் போடுறதெண்டா நோட்டோ சான்ஸ் சிங்களத்தையும் சேர்த்து எடுங்கோ, ரெண்டும் ஒரே குடும்பம், தடிப்பும் சாயலும் ஒத்துப்போகும்.

முதல்ல பேப்பரும் ஸ்கேலும்

எல்லாரும் இதைக் கடைசிக்கு விடுவினம். நான் சொல்லுறன், இதை முடிவெடுக்காம ஒரு குறியும் வைக்காதேங்கோ.

செட்டியார் தெருவுக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில வடக்குத் தெற்கா ஆறு கிலோமீட்டருக்குள்ள. 1:20,000 ஸ்கேல் எண்டா ஆறு கிலோமீட்டர் 30 சென்ரிமீட்டர் ஆகும், ஏ3 பேப்பரை நிமிர்த்தி வைச்சா உயரம் 42 சென்ரிமீட்டர், அப்ப தலைப்புக்கும் குறி விளக்கத்துக்கும் இடம் மிஞ்சும். இனி இந்தக் கணக்கை மனசில வைச்சிருங்கோ: 1:20,000ல ஒரு மில்லிமீட்டர் எண்டது நிலத்தில 20 மீட்டர். நீங்கள் 5 மில்லிமீட்டர் குறி ஒண்டு வைச்சா அது 100 மீட்டர் ரோட்டை மூடுது. நாப்பது மீட்டர் தள்ளி நிக்கிற ரெண்டு பந்தல் பேப்பரில ரெண்டே மில்லிமீட்டர் தூரம், கட்டாயம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறும். ஃபோன் ஜி.பி.எஸ் ஒரு பத்து மீட்டர் பிழைச்சாலும் இஞ்ச அது அரை மில்லிமீட்டர்தான், அதால புள்ளி துல்லியமா எண்டு தலையை உடைக்கத் தேவையில்ல, குறியின்ர சைஸையும் பெயர் எங்க போகுது எண்டதையும் யோசியுங்கோ.

டேட்டா

எக்செல்ல ஒரு டேபிள். காலம்கள், அதாவது மேல இருந்து கீழ போற நிரல்கள்: ஐடி, பெயர், வகை, நேரம், நெடுங்கோடு, அகலாங்கு. ஐடி எண்டது ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர், ஒருக்கா குடுத்தா பிறகு மாத்தவே கூடாது, ஏன் எண்டு பிறகு சொல்லுறன். வகை எண்ட காலத்தில நாலைஞ்சு சொல்லு மட்டும்தான் இருக்கோணும்: தண்ணீர்ப்பந்தல், முதலுதவி, கழிப்பறை, கோயில், ரயில் நிலையம். ஒரு இடத்தில "தண்ணீர்ப்பந்தல்", இன்னொரு இடத்தில "தண்ணீர் பந்தல்" எண்டு அடிச்சீங்களெண்டா கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு வகை.

இதில கண்ணுக்கே தெரியாத ஒரு பிரச்சினையும் இருக்கு. "கொ" எண்ட எழுத்தை யூனிக்கோடில ரெண்டு விதமா அடிக்கலாம், ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒண்டாவும் வரலாம், இல்லாட்டி ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனி ரெண்டு எழுத்தாவும் வரலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒண்டுபோலத்தான், ஆனா "கொழும்பு"வை "கொழும்பு"வோட ஒப்பிட்டா பொருந்தேல்ல எண்டு சொல்லும். வேற வேற ஆக்கள் வேற வேற கீபோர்டில அடிச்சு அனுப்பின லிஸ்ட்டைச் சேர்க்கேக்க எனக்கு இது வந்துது, அரை மணித்தியாலம் தேடினன். அதால வகைச் சொல்லை ஒராள் மட்டும் ஒருக்கா அடிச்சு மற்றதெல்லாம் கொப்பி பேஸ்ட்.

பழைய லிஸ்ட்டுகள் பாமினி எண்ட, யூனிக்கோடு இல்லாத ஃபொன்ட்ல வரும், இஞ்ச அச்சகங்களில இன்னும் பாமினிதான் கனக்க ஓடுது. அதை அப்பிடியே ஏத்தினா இங்கிலிஷ் எழுத்துக் குப்பையாத்தான் தெரியும், முதல்ல யூனிக்கோடுக்கு மாத்துங்கோ. சேவ் பண்ணேக்க வெறும் சி.எஸ்.வி எண்டு இல்லாம சி.எஸ்.வி யூ.டி.எஃப்-8 எண்டதைத் தெரிவு செய்யுங்கோ, இல்லாட்டி தமிழ் எல்லாம் கேள்விக்குறியாப் போயிடும்.

கியூ.ஜி.ஐ.எஸ்ல லேயர் (மேப்பில ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிற ஒவ்வொரு தட்டு) மெனுவுக்குள்ள ஆட் லேயர், அதுக்குள்ள ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர். எக்ஸ் ஃபீல்டுக்கு நெடுங்கோடு, வை ஃபீல்டுக்கு அகலாங்கு. கொழும்புக்கு நெடுங்கோடு 79.85 கிட்ட, அகலாங்கு 6.93 கிட்ட. மாறிப் போட்டா உங்கட பந்தல் எல்லாம் வட துருவத்துக்குக் கிட்ட, நோர்வேயின்ர ஸ்வால்பார்ட் தீவுக்கு மேற்கால கடலுக்குள்ள போய் நிக்கும். மேப்பில ஒண்டும் தெரியேல்ல எண்டா முதல் சந்தேகம் இதில வையுங்கோ.

அடுத்தது ப்ராஜெக்ட் கோ-ஆர்டினேட் சிஸ்டம், அதாவது இடத்தை எந்த அளவில எண்ணுறது எண்டது. டேட்டா டிகிரியில இருந்தாலும் ப்ராஜெக்டை இலங்கை கிரிட் 1999க்கு மாத்துங்கோ, அதின்ர நம்பர் ஈ.பி.எஸ்.ஜி 5235, மீட்டர்ல வேலை செய்யும். டிகிரியிலயே விட்டிட்டு குறியின்ர சைஸ் யூனிட்டை மேப் யூனிட்ஸ் எண்டு வைச்சு 5 எண்டு குடுத்தா, அது அஞ்சு டிகிரி, ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர், அப்ப ஒரு புள்ளியே இலங்கையில பெரும்பகுதியை மூடிப்போடும்.

குறி

புள்ளி லேயரில ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், சிம்பாலஜி. எனக்கு லேசு எஃப்7 அடிச்சுப் பக்கத்திலயே ஸ்டைலிங் பேனலைத் திறந்து வைக்கிறது, மாத்த மாத்த உடன மேப்பில தெரியும். மேல சிங்கிள் சிம்பல் எண்டு இருக்கிறதை கேட்டகரைஸ்ட் ஆக்கி, வேல்யூவுக்கு வகை காலத்தைக் குடுத்து, கிளாசிஃபை அடியுங்கோ. ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறி வரும், கண்டபாட்டுக் கலர்ல வரும், அது தொடக்கம்தான்.

கலரால மட்டும் வகை பிரிக்காதேங்கோ. சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க ஏலாத ஆக்கள் இருக்கினம், அதோட நீங்கள் குடுக்கிற கலர் பேப்பரை ஆரோ ஒராள் கட்டாயம் கறுப்பு வெள்ளையில ஃபோட்டோகொப்பி எடுத்துத்தான் மற்ற ஆக்களுக்குக் குடுப்பார். உருவமும் மாறோணும். நான் வைக்கிறது: பந்தலுக்கு நீல வட்டத்துக்குள்ள வெள்ளைத் துளி, முதலுதவிக்கு வெள்ளைச் சதுரத்தில பச்சைச் சிலுவை, கழிப்பறைக்கு கறுப்புச் சதுரம், ரயில் நிலையத்துக்குச் சின்ன வெள்ளைச் சதுரம் தடிச்ச விளிம்போட, கோயிலுக்கு மட்டும் கோபுரம்.

கோபுரத்தை நானே இங்க்ஸ்கேப் எண்ட படம் கீறுற சொஃப்ட்வெயார்ல கீறினன், அஞ்சு தட்டு, மேல மூண்டு கலசம். முதல் தரம் நல்ல நுணுக்கமா, வாசல், பொம்மை எல்லாம் வைச்சுக் கீறிப்போட்டு 6 மில்லிமீட்டருக்குச் சுருக்கிப் பாத்தா கறுப்புக் கட்டியாத் தெரிஞ்சுது. எல்லாத்தையும் எடுத்துப்போட்டு வெறும் வெளிக்கோட்டு உருவத்தை மட்டும் விட்டன், நாலு மீட்டர் தள்ளி நிண்டு பாத்தாலும் கோபுரம் எண்டு தெரிஞ்சுது. சிம்பல் லேயர் டைப்பை எஸ்.வி.ஜி (கோட்டுப் பட ஃபைல்) மார்க்கர் எண்டு மாத்தி உங்கட ஃபைலைக் குடுக்கலாம். கலர் மாத்துற பட்டன் வேலை செய்யாம இருந்தா பயப்பிட வேண்டாம், எஸ்.வி.ஜி ஃபைலுக்குள்ள ஃபில் எண்ட இடத்தில நேரடிக் கலருக்குப் பதிலா பாராம் (param) எண்ட சொல்லு இருந்தாத்தான் கியூ.ஜி.ஐ.எஸ் கலரை மாத்த விடும். ஃபைலை நோட்பேடில திறந்து, அதோட வாற ரெடிமேட் ஐக்கன் ஒண்டையும் பக்கத்தில திறந்து ஒப்பிட்டுப் பாத்துத் திருத்துங்கோ.

பின், அதாவது குத்தி வைக்கிற ஊசி மாதிரிக் குறி பாவிக்கிறவை இதைக் கட்டாயம் கவனியுங்கோ. சாதாரணமா குறியின்ர நடுதான் புள்ளியில உக்காரும். பின்னுக்கு கூர் கீழ. 8 மில்லிமீட்டர் பின்னெண்டா கூர் 4 மில்லிமீட்டர் கீழ போயிடும், எங்கட ஸ்கேல்ல 80 மீட்டர் தெற்கால, அதாவது அடுத்த லேன். ஆங்கர் பாயின்ட் எண்டு இருக்கும், அதில கீழ்ப்பக்கம், பொட்டம் எண்டதைத் தெரிவு செய்தாக் கூர் சரியா இடத்தில நிக்கும்.

ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுற குறிகளுக்கு பாயின்ட் டிஸ்பிளேஸ்மென்ட் எண்ட ரெண்டரர், அதாவது குறி காட்டுற முறை இருக்கு, கிட்டக்கிட்ட இருக்கிறதை வட்டமாச் சுத்தி விரிச்சு வைக்கும். வெப் மேப்புக்குப் பரவாயில்ல. பேப்பர்ல எனக்குப் பிடிக்கிறேல்ல, நேர் ரோட்டில ஒரே வரிசையில நிக்கிற மூண்டு பந்தல் பூ மாதிரி விரிஞ்சு நிண்டா ஆக்கள் கடல் பக்கமும் ஒரு பந்தல் இருக்கெண்டு நினைப்பினம். அப்பிடியான இடத்தில நான் ஒரே குறியை வைச்சு, பெயரில "3 பந்தல்" எண்டு எழுதுறன்.

கோட்டுக்கும் பரப்புக்கும்

ரதம் போற வழியை ஒரு லைன் லேயரா, செட்டியார் தெருவில தொடங்கி பம்பலப்பிட்டியில முடிக்கிற மாதிரிக் கீறுங்கோ, கீறுற திசை முக்கியம். சிம்பாலஜியில கோட்டுக்கு மேல இன்னொரு சிம்பல் லேயர் சேர்த்து மார்க்கர் லைன் ஆக்கி, மார்க்கருக்கு அம்புத்தலையை வைச்சு, இன்டர்வல் 25 மில்லிமீட்டர், ரொட்டேட் மார்க்கர் எண்டதை டிக் பண்ணினா அம்பு தானா ரோட்டு வளைவுக்கு ஏத்தமாதிரித் திரும்பும். அம்பு பின்னால பாத்தா நீங்கள் கோட்டைத் தலைகீழாக் கீறியிருக்கிறீங்கள், ப்ராசஸிங் டூல்ஸில ரிவர்ஸ் லைன் டிரெக்ஷன் இருக்கு, ஒரு கிளிக் வேலை. தொடக்கத்திலயும் முடிவிலயும் மட்டும் குறி வேணுமெண்டா இன்டர்வலுக்குப் பதிலா ஃபர்ஸ்ட் வேர்டெக்ஸ், லாஸ்ட் வேர்டெக்ஸ் (கோட்டின்ர முதல் புள்ளி, கடைசிப் புள்ளி) எண்டு தெரிவு செய்யலாம்.

பரப்புக்குள்ள குறி வைக்க சென்ட்ராயிட் ஃபில். காலி முகத்திடல் மாதிரி நேரான பரப்புக்கு அது சரி. பேரே வாவி மாதிரிக் கை கால் விரிச்ச உருவத்துக்கு நடுப்புள்ளி தண்ணிக்கு வெளியில ரோட்டு மேல விழக்கூடும், அதுக்குத்தான் ஃபோர்ஸ் பாயின்ட் இன்சைட் எண்ட டிக். உள்ளுக்குள்ள எண்டாலும் ஒரு ஓரமா ஒட்டிக்கொண்டு நிண்டா போல் ஆஃப் இனாக்ஸஸிபிலிட்டி எண்ட ஃபங்ஷனைப் பாவியுங்கோ, எல்லாக் கரையில இருந்தும் ஆகத் தூரமான இடத்தைக் கண்டுபிடிச்சுத் தரும், வாவி பெயருக்கு அந்த இடம்தான் ஆக நல்லது.

பெயர்

லேபல்ஸ் டேப், சிங்கிள் லேபல்ஸ், வேல்யூவுக்குப் பெயர் காலம். உங்கட சொந்த டேபிளுக்கு அவ்வளவுதான்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ரோட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அப்பிடி இல்ல. அதில பொதுவான நேம் எண்ட காலம் ஒண்டு, அதோட தமிழுக்கு, சிங்களத்துக்கு, இங்கிலிஷுக்கு எண்டு மொழிக் குறியோட தனித்தனிக் காலம் இருக்கும். தமிழ்க் காலம் கன இடத்தில வெறும். அதால லேபலில பக்கத்தில இருக்கிற எப்சிலன் (ε) பட்டனை அமத்தி, கண்டிஷனல்ஸ் கூட்டத்துக்குள்ள கோஅலெஸ் எண்ட ஃபங்ஷனை எடுத்து, முதல்ல தமிழ்க் காலம், அடுத்தது பொதுக் காலம் எண்டு குடுங்கோ. தமிழ் இருந்தா தமிழ் வரும், இல்லாட்டி மற்றது வரும். பொதுப் பெயர் வந்த இடத்தையெல்லாம் ஒரு லிஸ்ட் எடுத்து, நேரில போய்ப் பேர்ப்பலகையைப் பாத்துத் தமிழைச் சரியா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலயே ஏத்திவிடுங்கோ. நான் வெள்ளவத்தையில என்ர வீட்டைச் சுத்தியுள்ள லேன்களில ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை நடந்து செய்தன். பம்பலப்பிட்டி எண்டு தலைமுறையாச் சொல்லுற இடத்தை "பம்பலபிட்டிய" எண்டு இங்கிலிஷைப் பாத்துத் திருப்பி எழுதி வைச்சிருந்தா மனசு பொறுக்காது, நாங்கள் திருத்தாட்டி ஆர் திருத்துறது.

ரோட்டுப் பெயர் ஒரு தனிக் கதை. காலி வீதி டேட்டாவில ஒரே கோடு இல்ல, ஒவ்வொரு சந்தியிலயும் வெட்டுப்பட்ட கனக்கத் துண்டு. ஒண்டில காலி வீதி காலி வீதி காலி வீதி எண்டு அடுக்கடுக்கா வரும், இல்லாட்டி துண்டு நீளம் காணாம பெயரே வராது. ரெண்டரிங் செட்டிங்கில மெர்ஜ் கனெக்டட் லைன்ஸ் எண்டதை டிக் பண்ணினா ஒட்டி இருக்கிற துண்டையெல்லாம் ஒண்டா நினைச்சு ஒரு பெயர் போடும், பிறகு ரிப்பீட் தூரத்தை 100 மில்லிமீட்டர் குடுத்தா நீள ரோட்டில ரெண்டு மூண்டு தரம் வரும். பிளேஸ்மென்ட்டில பேரலல், ரோட்டுப் பெயர் சாம்பல் கலர், 8 பொயின்ட், அதுக்கு மேல வேண்டாம், அது மேப்பின்ர பின்பாட்டுத்தான். கேர்வ்ட் எண்ட வளைவு எழுத்தைத் தமிழுக்குப் பாவிக்கிறதெண்டா "கோ", "ஸ்ரீ" மாதிரி எழுத்துகள் உடையாம வந்திருக்கோ எண்டு பெரிசாக்கிப் பாருங்கோ. எழுத்து இடைவெளியையும் கூட்டாதேங்கோ. இங்கிலிஷ் பெயரை அகட்டி வைச்சா வடிவு, தமிழில சொல்லு பிஞ்சு போன மாதிரி இருக்கும்.

எழுத்தின்ர சைஸும் பின்புலமும்

இங்கிலிஷ் மேப்புகளில 6 பொயின்ட் எழுத்து நல்லா வாசிக்கலாம். தமிழ் 6 பொயின்ட்டில "ண"வும் "ன"வும் ஒண்டு, புள்ளி போன இடம் தெரியாது. கையில வைச்சு வாசிக்கிற பேப்பருக்கு, ரோட்டுப் பெயரைத் தவிர, நான் 9 பொயின்ட்டுக்குக் கீழ போறேல்ல, கோயில் நோட்டீஸ் போர்டில ஒட்டுறதுக்கு 14. கோயில் பெயர் போல்ட், பந்தல் பெயர் சாதாரணம், முதலுதவி போல்ட்டோட கடும் பச்சை.

நீளப் பெயரை உடைக்க வேணும். ஃபோமேட்டிங் பகுதியில ரேப் ஆன் கேரக்டர் எண்ட இடத்தில ஒரு நெட்டுக்கோட்டைக் குடுத்து, டேபிள்ல எங்க உடைக்க வேணுமோ அங்க அந்தக் கோட்டைப் போடுங்கோ. இத்தனை எழுத்துக்கு ஒருக்கா உடை எண்டு கம்ப்யூட்டரிட்ட விட்டா "கொழும்புத் தமிழ்ச்" எண்டு ஒரு வரியும் "சங்கம்" எண்டு அடுத்த வரியும் வரும். நான் "கொழும்புத்" முதல் வரி, "தமிழ்ச் சங்கம்" ரெண்டாம் வரி எண்டு போடுவன், 1942ல தொடங்கின சங்கத்தின்ர பெயரை வாசிக்கிற இடத்தில மூச்சு விட்டு எழுதோணும். வரி உயரத்தை 1.1க்கு ஏத்துங்கோ, இல்லாட்டி மேல் வரியின்ர உகரச் சுழி கீழ் வரியின்ர இகரக் கொம்பில போய் முட்டும்.

பஃபர் எண்டது எழுத்தைச் சுத்தி வெள்ளை விளிம்பு. ரோட்டு மேல எழுத்து விழேக்க இதுதான் காப்பாத்தும். 0.7 மில்லிமீட்டர் காணும். இன்னும் கூட்டினா எழுத்தைச் சுத்தி ரோட்டே காணாமப் போகும், ரதம் போற வழி அந்த இடத்தில அறுந்தது மாதிரித் தெரியும். கடல்ல வாற பெயருக்கு பஃபர் கலரை வெள்ளையா விடாம கடலின்ர இளநீலத்தையே குடுங்கோ.

எங்க வைக்கிறது

சுவிற்சர்லாந்து மேப் நிபுணர் எடுவார்ட் இம்ஹோஃப் சொன்னது இண்டைக்கும் சரி: புள்ளிக்குப் பெயர் வைக்க முதல் நல்ல இடம் மேல் வலப்பக்கம், கரையோர ஊருக்குப் பெயர் முழுசாக் கடல் பக்கம் போகோணும், கரைக்கோட்டுக்கு மேல பாதி இஞ்ச பாதி அங்க எண்டு விழக்கூடாது. கொழும்புக்கு இந்த ரெண்டாவது வலு பொருத்தம். கோட்டை, கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எண்டு ரயில் நிலையம் எல்லாம் வரிசையா, அதில கொள்ளுப்பிட்டிக்கு அங்கால எல்லாம் கடலை ஒட்டித்தான். அதுகளின்ர பெயரைக் கிழக்கால போட்டா காலி வீதிப் பந்தல் பெயரோட மோதும், மேற்கால நீலமா வெறுமையாக் கிடக்கிற இடத்தில போட்டா ஒவ்வொண்டும் தனியா, சுத்தமா நிக்கும். என்ர முதல் மேப்பில நெருக்கிக்கொண்டு கிடந்ததில பாதி இந்த ஒரு மாற்றத்தோட தீந்துது.

செய்யிற விதம்: பிளேஸ்மென்ட்டில கார்டோகிராஃபிக் எண்டதைத் தெரிவு செய்யுங்கோ, அது மேல் வலப்பக்கத்தில தொடங்கி ஒவ்வொரு இடமா முயற்சி பண்ணும். தூரம் எங்க இருந்து எண்டதுக்கு ஃப்ரொம் சிம்பல் பவுண்ட்ஸ் எண்டு குடுத்தா குறியின்ர விளிம்பில இருந்து அளக்கும், பெரிய கோபுரத்துக்கும் சின்ன வட்டத்துக்கும் ஒரே இடைவெளி வரும், 1 மில்லிமீட்டர் போதும். ரயில் நிலையத்துக்கு மட்டும் லேபலை ரூல் பேஸ்ட் ஆக்கி, வகை ரயில் நிலையம் எண்ட ரூலுக்கு ஆஃப்செட் ஃப்ரொம் பாயின்ட், இடப்பக்கம். ப்ரையாரிட்டி ஸ்லைடரில முதலுதவியை ஆகக் கூட்டி விடுங்கோ, இடச் சண்டை வந்தா அதுதான் வெல்லோணும்.

இப்ப ஆக முக்கியமான பட்டன். லேபல் டூல்பாரில, இடம் கிடைக்காத லேபலைக் காட்டு எண்டு ஒண்டு இருக்கு, அன்பிளேஸ்ட் லேபல்ஸ். அதை அமத்தினா சொஃப்ட்வெயார் சத்தமில்லாம எடுத்துப்போட்ட பெயரெல்லாம் சிவப்பில வரும். எனக்கு முதல் வருஷம் இது தெரிஞ்சிருந்தா அந்த அம்மா அப்பிடிக் கேட்டிருக்க மாட்டா. சிவப்பு ஒண்டும் இல்லாம வாற வரைக்கும் பிரின்ட்டுக்குப் போகாதேங்கோ. அதுக்காக ஓவர்லாப்பை அலவ் பண்ணி விடுறது சுகமான வழி, ஆனா ரெண்டு பெயர் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்தா ரெண்டும் போச்சு.

கையால நகர்த்துறது

மெஷின் நூறில எம்பது வேலை செய்யும், மிச்சம் கைதான். மூவ் லேபல் டூலை எடுத்து ஒரு பெயரைக் கிளிக் பண்ணினா, முதல் தரம் எந்தக் காலம் தனித்துவம் எண்டு கேக்கும். இஞ்சதான் நான் முதல் சொன்ன ஐடி. அதைக் குடுங்கோ. நீங்கள் நகர்த்தின இடமெல்லாம் அந்த ஐடியோட கட்டித்தான் சேவ் ஆகும், அடுத்த வருஷம் டேபிளை வரிசை மாத்தி நம்பரைத் திரும்ப ஒண்டில இருந்து போட்டீங்களெண்டா பந்தலின்ர பெயர் போய்க் கழிப்பறைக்குப் பக்கத்தில உக்காரும். புதுப் பந்தலுக்குப் புது நம்பர், நிண்டுபோன பந்தலின்ர நம்பரைத் திரும்பப் பாவிக்கிறேல்ல.

நகர்த்தின இடம் மேப் கோ-ஆர்டினேட்டாத்தான் பதியும். 1:20,000ல பக்கத்தில ஒட்டி நிக்கிற பெயர் 1:5,000க்குப் போனா நாலு மடங்கு தள்ளிப் போய் நிக்கும். ஸ்கேலை முதல்ல முடிவெடுங்கோ எண்டு சொன்னது இதுக்குத்தான். இன்னொண்டு, ப்ராஜெக்டை கியூ.ஜி.இஸட் எண்ட வகையில சேவ் பண்ணுங்கோ, நகர்த்தின விபரமும் அதுக்குள்ளயே போகும். கியூ.ஜி.எஸ் எண்டு சேவ் பண்ணினா அது பக்கத்தில வேற ஒரு ஃபைலா இருக்கும், பென் டிரைவில ஒண்டை மட்டும் கொப்பி பண்ணிக்கொண்டு போனா ஒரு நாள் வேலை வீட்டுலயே நிண்டிடும்.

பெயரைத் தூரத்துக்கு இழுத்த இடத்தில கால்அவுட்ஸை ஓன் பண்ணுங்கோ, பெயருக்கும் புள்ளிக்கும் இடையில ஒரு மெல்லிய கோடு வரும். 0.2 மில்லிமீட்டர், கடும் சாம்பல். மினிமம் நீளம் 3 மில்லிமீட்டர் குடுத்தா கிட்ட இருக்கிறதுக்கெல்லாம் கோடு வராது. ரெண்டு கோடு ஒண்டையொண்டு வெட்டக்கூடாது, கோடு குறுக்கால இன்னொரு குறி இருக்கக்கூடாது.

பிரின்ட்

லேஅவுட்டில ஏ3, ஸ்கேல் 20000. ஸ்கிரீன்ல நிண்ட மாதிரியேதான் லேஅவுட்டிலயும் நிக்கும் எண்டு நம்பாதேங்கோ, ஒவ்வொரு பெயரா விரலை வைச்சு டேபிளோட எண்ணிப் பாருங்கோ. ஓரத்தில ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளருக்கு உரிமை எண்டு எழுதுறது கட்டாயம், அவையின்ர லைசன்ஸ் அதைக் கேக்குது, ஒளிச்சு வைக்காம வாசிக்கக்கூடிய சைஸில போடுங்கோ.

பி.டி.எஃப் எடுக்கேக்க டெக்ஸ்ட் எக்ஸ்போர்ட் எண்ட இடத்தில எழுத்தைப் பாத் ஆக்கு எண்டதையே விடுங்கோ. ரெண்டாம் வருஷம் நான் அதை டெக்ஸ்டா மாத்தி அனுப்பினன், அச்சகத்தில ஆரோ சைஸ் மாத்த எண்டு வேற சொஃப்ட்வெயார்ல திறந்திருக்கினம், அவையிட்ட அந்த ஃபொன்ட் இல்ல, "கொள்ளுப்பிட்டி"யில கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், நூறு கொப்பி அடிச்சு முடிஞ்சுது. பாத் எண்டா எழுத்து படமாப் போகும், ஆர் திறந்தாலும் உடையாது.

ஃபோனுக்கும் வேணுமெண்டா அதே டேபிளை யூமேப்பில ஏத்தலாம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மேல வேலை செய்யிற இலவச வெப் கருவி. அங்க லேபலைக் கேர்சர் வைச்சாக் காட்டு எண்டு வைக்காம எப்பவும் காட்டு எண்டு வையுங்கோ, ஃபோனில கேர்சர் இல்ல. முதலுதவியையும் கழிப்பறையையும் மட்டும் அப்பிடி விட்டா காணும், மற்றது தொட்டா வரட்டும்.

முழுக் கொப்பி அடிக்க முதல் ஒண்டே ஒண்டை அடிச்சு ஆராவது வயசு போன ஒராளிட்டக் குடுங்கோ. நான் இந்த வருஷம் அதே அம்மாவிட்டக் கொண்டு போனன். பின்னேரம் ஆறு மணி, அவவின்ர வீட்டு விறாந்தையில ட்யூப் லைட்டுக்குக் கீழ. "பம்பலப்பிட்டிக்குக் கிட்ட முதலுதவி எங்க இருக்கு எண்டு காட்டுங்கோ அம்மா" எண்டன், விரல் நேர போய்ப் பச்சைச் சிலுவையில நிண்டுது. கண்ணாடியைக் கழட்டிப்போட்டு ரெண்டு லேன் தள்ளிக் கிடந்த பந்தல் பெயரை வாசிச்சா, அதில "ணி" யும் "னி" யும் அவவுக்கு மாறிப் போச்சு. வீட்டை வந்து பந்தல் பெயரெல்லாத்தையும் 9ல இருந்து 10 பொயின்ட் ஆக்கினன், மூண்டு பெயர் சிவப்பில வந்துது, அதை ஒவ்வொண்டா இழுத்து வைக்க இரவு பதினொரு மணியாச்சு.